மறு: ‘அசிஸ்ட் மோட்’ தமிழில் எப்படி?

> ‘சலுகை முறை’ என்றே போட்டுவிடலாம். சரியாக விளையாடத் தெரியாதவர்களுக்குத்தானே அந்த வசதி?

வீடியோ விளையாட்டுச் சொற்களுக்கான நம் தமிழ்ப் பட்டியலில் ‘சலுகை’ வேண்டாம். ஒருவர் மனமிரங்கிக் கொடுக்க, இன்னொருவர் கூச்சத்தோடு வாங்கிக்கொள்கிற வாடை அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்படித்தான் ஆகப் பார்த்தது: 2018இல் வெளியான ‘செலஸ்ட்’ என்கிற மலையேறும் விளையாட்டில் இந்த வசதிக்கு முதலில் ‘சீட் மோட்’, அதாவது ஏமாற்று முறை, என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள், பிறகுதான் ‘அசிஸ்ட் மோட்’ ஆனது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், ஏறும்போது கை சோராமல் பார்த்துக்கொள்ளலாம், முள்ளில் பட்டாலும் சாகாமல் போகலாம், அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் அந்தத் ‘தெரியாதவர்கள்’. எங்கே தாவ வேண்டும் என்று கச்சிதமாகத் தெரிந்தும் அந்த நொடிக்குள் விரல் பொத்தானுக்குப் போய்ச் சேராத ஒருவரை விளையாடத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது? சதுரங்கத்தில் காயை நகர்த்தும்போது கை நடுங்கினால் ஆட்டமே தெரியாது என்போமா? (அதே சொற்பட்டியலில் ‘கேமர்’ என்பதற்கு ‘விளையாட்டு வீரன்’ என்று இருக்கிறது, அந்த ‘ன்’னையும் கையோடு எடுத்துவிடுங்கள். 1982இல் ‘ரிவர் ரெய்டு’ விளையாட்டை உருவாக்கியவரே கேரல் ஷா என்கிற பெண். ‘ஆட்டக்காரர்’ போதும்.)

‘எளிய முறை’ சரிவராது, அது ‘ஈஸி மோட்’; அங்கே எதை எளிதாக்குவது என்று உருவாக்கியவர் முடிவு செய்கிறார், இங்கே ஆட்டக்காரரே தனக்கு வேண்டியதை மட்டும் மாற்றிக்கொள்கிறார். ‘உதவி’ என்றால் உதவிப் பக்கத்தோடு குழம்பும். ‘துணை முறை’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் துணைத்தலைப்பு, துணைவேந்தர் என்று பழகிய கண்ணுக்கு அது ஏதோ கிளை முறை போலத் தெரியும்.

என் பரிந்துரை ‘ஒத்தாசை முறை’. ஒத்தாசையில் வேலை செய்கிறவர் அவரேதான், பக்கத்தில் ஒருவர் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறார்.

---

> என் பரிந்துரை ‘ஒத்தாசை முறை’.

பேச்சுச் சொல்லாயிற்றே என்று தயங்கினேன், சரி, அமைப்புகள் பட்டியலில் போட்டுப் பார்த்தால் ஒரு வரிக்குள் அழகாக அடங்குகிறது. என் ஓட்டு அதற்கே.

அடுத்தது ‘கலர் பிளைண்ட் மோட்’. ‘நிறக்குருடு முறை’ என்று யாரோ ஏற்றியிருக்கிறார்கள். அதில் மாறுவது திரையின் நிறம்தானே, ஆளின் கண் இல்லையே? ‘நிறமாற்று முறை’ என்று வைத்தால் ஏதாவது இடிக்குமா?