டேட்டிங்கில் எது எடுபடும்: வயதா, சம்பளமா, பேச்சா?

கணக்குப்பிள்ளை:
“மனசு நல்லா இருந்தா போதும்” என்று இளைஞர்களை ஏமாற்றியது போதும். உளவியலாளர் டேவிட் பஸ் 1989-ல் வெளியிட்ட ஆய்வில் 37 பண்பாடுகளைச் சேர்ந்த பத்தாயிரம் பேரிடம் கேட்டார்கள். துணையின் வருமான வாய்ப்புக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஆண்களைவிடப் பெண்களே கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். ஆண்கள் எங்கும் தங்களைவிட இளையவரையே கேட்டார்கள். 2018-ல் ப்ரூச், நியூமேன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் நான்கு பெருநகரங்களில் ஒரு டேட்டிங் தளத்தின் தரவை அலசினார்கள். பெண்களின் மவுசு 18 வயதில் உச்சம், அப்புறம் இறங்குமுகம். ஆண்களுக்கு 50 வரை ஏறுமுகம். எனவே இருபதுகளில் இருக்கும் பையன்கள் புலம்பாமல் சம்பாதிக்கிற வழியைப் பார்க்கலாம்.

மழைக்குருவி:
பஸ் ஆய்வில் பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள். இரு பாலாரும் பட்டியலின் உச்சியில் வைத்தது அன்பான குணத்தையும் அறிவையும்தான். பணம் அதற்குக் கீழே. அந்த 2018 ஆய்வு பார்த்ததும் முதல் செய்தி யாருக்குப் போகிறது, பதில் வருகிறதா என்பதை மட்டுமே. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது அதில் இல்லை. இன்பாக்ஸ் நிறைவதும் காதலும் ஒன்றா? இன்பாக்ஸ் நிறைந்த பெண் யாரையாவது கேளுங்கள், எரிச்சலோடு பதில் வரும்.

ஈஸ்ட்விக், ஃபிங்கல் என்ற உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். ஸ்பீட் டேட்டிங், அதாவது ஆளுக்குச் சில நிமிடம் என்று மாறி மாறிப் பேசும் சந்திப்பு. வருமானம் முக்கியம், அழகு முக்கியம் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள் நேரில் பிடித்துப்போனது யாரை என்று பார்த்தால், சொன்னதற்கும் அதற்கும் பெரிதாகத் தொடர்பே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அதில் கலந்துகொண்டவர்கள் ஒரே பல்கலைக்கழக மாணவர்கள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. வித்தியாசமே இல்லாத இடத்தில் வயதும் வருமானமும் எப்படி வேலை செய்யும்? டேட்டிங் செயலியில் முதல் வேலையே வயது வரம்பை நகர்த்துவதுதான். அந்த வரம்புக்கு வெளியே இருப்பவருக்கு எவ்வளவு அழகாகப் பேச வந்தால் என்ன?

இரவுப்பணி:
உள்ளே வரலாமா? எனக்கு முப்பத்தெட்டு, சம்பளம் நன்றாகவே வருகிறது. அண்ணன் கணக்குப்படி எனக்கு இது பொற்காலம். சந்திப்பு வரை போகிறது, அப்புறம் அடுத்த முறை என்பதே இல்லை. எதிரில் இருப்பவர் ஏதாவது சொன்னால் “சரி” என்கிறேன், பேச்சு நின்றுவிடுகிறது.

மழைக்குருவி:
இதைத்தான் சொல்ல வந்தேன். பேச்சுத்திறமை என்றால் ஜோக் அடிப்பது என்று நினைக்கிறார்கள். எதிரில் இருப்பவர் சொன்னதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்பது அதைவிட முக்கியம். “வேலை மாறினேன்” என்றால் “ஏன், பழைய இடத்தில் என்ன பிரச்சினை?” என்று கேளுங்கள். அப்படித் தொடர்ந்து கேட்பவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று 2017-ல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. பழகினால் வரும், நாற்பதிலும் வரும்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, தம்பியைச் சந்திப்பு வரை கொண்டுபோனது எது? சம்பளம்.

மழைக்குருவி:
அது உங்கள் ஊகம், அவர் அப்படிச் சொல்லவில்லை. இன்னொன்று. பஸ்ஸின் தரவையே 1999-ல் ஈக்லி, வுட் என்ற உளவியலாளர்கள் மறுபடி அலசினார்கள். ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில் பெண்கள் துணையின் வருமானத்துக்குத் தரும் முக்கியத்துவம் குறைகிறது. தன் காலில் நிற்பவளுக்கு அடுத்தவர் சம்பளம் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
குறைகிறது, சரி. காணாமல் போகவில்லையே. 2020-ல் 45 நாடுகளில் திரும்பக் கேட்டபோதும் அந்த வித்தியாசம் இருந்தது.

மழைக்குருவி:
அதே 2020 ஆய்வில், சமத்துவம் கூடக்கூட ஜோடிகளின் வயது இடைவெளியும் சுருங்குகிறது. 50 வரை ஏறுமுகம் என்று காத்திருக்கச் சொல்கிறீர்களே, அதற்குள் பெண்களின் விருப்பமே மாறிவிடும்.

இரவுப்பணி:
சண்டை நடக்கட்டும். புரொஃபைலில் சம்பளத்தைப் போடலாமா, கூடாதா?

கணக்குப்பிள்ளை:
போடுங்கள். பதில் கூடும்.

மழைக்குருவி:
வேலையைப் போடுங்கள், தொகை வேண்டாம். தொகையைப் பார்த்து வருகிறவர்களிடம்தான் நீங்கள் அடுத்த கேள்வி கேட்டுப் பழக வேண்டியிருக்கும்.