கப்பல் பில்லில் ஏறும் ‘கிராச்சுட்டி’க்கு என்ன சொல்?

பாம்பனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

சொகுசுக் கப்பல்களில் ஓட்டல் பிரிவு வேலைக்குக் கிளம்பும் நம் கரைப் பிள்ளைகளுக்கும், சென்னையில் ஏறி இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றிவரும் குடும்பங்களுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரு கையேடு தமிழில் தயாராகிறது. ‘கிராச்சுட்டி’ என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. வரைவில் ‘பணிக்கொடை’ என்று இருக்கிறது. இதை இப்படியே அச்சுக்கு விடக் கூடாது.

1972இல் சட்டம் வந்ததிலிருந்து பணிக்கொடைக்குத் தமிழ்நாட்டில் ஒரே பொருள்தான். வேலையை விட்டு நிற்கும்போது முதலாளி தருவது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கிப் போடுவது. கப்பலில் கிராச்சுட்டி என்பது பயணி கட்டுவது, தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அறைக் கணக்கில் ஏறுவது. கொடுப்பவரும் வேறு, கொடுக்கும் நேரமும் வேறு. ‘பணிக்கொடை உண்டு’ என்று ஒப்பந்தத்தில் படித்த பிள்ளையின் வீட்டார், கப்பலை விட்டு இறங்கும்போது மொத்தமாக ஒரு தொகை வரும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். அது வராது.

சேவைக் கட்டணம், அன்பளிப்பு, இனாம், ஊக்கத்தொகை என்று வேறு பரிந்துரைகளும் வந்திருக்கின்றன. எதை எடுக்கலாம், ஏன் என்று காரணத்தோடு எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

சொல் தேடுமுன் காசு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துவிடுவோம். கப்பல் கம்பெனிகளே ஒரு பெயரில் நிற்கவில்லை. கார்னிவல் ‘கிராச்சுட்டி’ என்கிறது. நார்வீஜியனுக்கு அது ‘சர்வீஸ் சார்ஜ்’. எம்எஸ்சிக்கு ‘ஓட்டல் சர்வீஸ் சார்ஜ்’. பிரின்சஸ் ‘குரூ அப்ரிசியேஷன்’ என்று எழுதுகிறது. பயணியின் கணக்கில் எல்லாம் தினமும் தானாக ஏறும் ஒரு தொகைதான். ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் தமிழாக்கினால் கம்பெனிக்கு ஒரு சொல் வந்து நிற்கும்.

முதலில் இந்த நாள் தொகை. அமெரிக்கப் பெருங்கப்பல்களில் 2024 வாக்கில் சாதாரண அறையில் இருப்பவருக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர். ‘சூட்’ எனும் பெரிய சொகுசு அறைக்காரருக்கு அதைவிட இரண்டு முதல் ஐந்து டாலர் கூடுதல். ஆளுக்கு என்பதைக் கவனியுங்கள், அறைக்கு இல்லை. கணவன், மனைவி, பத்து வயதுப் பிள்ளை மூவரும் ஏழு இரவு போனால், 18 டாலர் கணக்கில் 3 × 7 × 18 = 378 டாலர். விளம்பரத்தில் போடும் சீட்டு விலையில் பெரும்பாலும் இது சேர்ந்திருக்காது. கைக்குழந்தையைச் சில கம்பெனிகள் விட்டுவிடுகின்றன, சில விடுவதில்லை. முன்பதிவோடு கட்டிவிட்டால் பொதுவாக அன்றைய விகிதத்தோடு முடிந்துவிடும். கட்டாவிட்டால் கப்பல் கிளம்பும் காலத்து விகிதம்.

அடுத்தது பில்லின் மேல் வரும் சதவீதம். மது, கட்டணக் காபி, ஸ்பா என்று ஒவ்வொரு பில்லிலும் 18 முதல் 20 சதவீதம் தானாகச் சேரும். 12 டாலர் பானத்துக்கு 18 சதவீதம் 2.16, மொத்தம் 14.16. கையெழுத்துக்கு நீட்டும் அந்தச் சீட்டை ஒருமுறை மனதில் விரித்துப் பாருங்கள். மேலே பானத்தின் பெயர், விலை. அதன் கீழே சிறிய எழுத்தில் 18 சதவீதம். பிறகு ‘அடிஷனல் டிப்’ என்று ஒரு காலிக் கோடு. அதற்கும் கீழே மொத்தம் எழுதவும் கையெழுத்துப் போடவும் இரண்டு கோடுகள். சிறிய எழுத்தைப் பார்க்காதவர் காலிக் கோட்டில் இன்னும் இரண்டு மூன்று டாலரை எழுதிவிடுகிறார். பானங்களுக்கு மொத்தமாக முன்பணம் கட்டும் பானத் தொகுப்பு வாங்கியவருக்கு வாங்கும்போதே சதவீதம் பிடித்தாகிவிட்டது, ஆனாலும் சீட்டில் அந்தக் கோடு வரும். கையேட்டில் இந்த இடத்துக்குப் படமே போடலாம்.

கடைசி இரவு உறையில் வைத்து அறை பார்த்த பையனிடம் கொடுக்கும் காசு மூன்றாவது. யாரும் எழுதி வைக்காமல், கேட்காமல், பயணி தானாகக் கொடுப்பது இது ஒன்றுதான்.

இன்னொரு தொகை பயணி கண்ணில் படவே படாது. பல ஊழியர் ஒப்பந்தங்களில் அடிப்படைச் சம்பளம் தனியாகவும், டிப்ஸ் பங்கோடு சேர்த்து மாதத்துக்குக் குறைந்தது இவ்வளவு என்ற உறுதி தனியாகவும் இருக்கும். உதாரணமாக அடிப்படை 500 டாலர், உறுதி 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதப் பங்கு 550 வந்தால் கம்பெனி 150 போட்டு நிரப்பும். பங்கு 800 வந்தால் கம்பெனி ஒன்றும் போடாது, கையில் 1,300. தரகர் ‘சம்பளம் 1,200’ என்று ஒரே எண்ணாகச் சொல்லும்போது, கம்பெனி சம்பளமாகத் தருவது 500தான் என்பது மறைந்துவிடுகிறது. மிகைநேரக் கூலியைக் கணக்கிடும்போது இந்த வேறுபாடு இடிக்கும். 2006ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் அடிப்படைச் சம்பளம் என்பதற்கான வரையறையில் போனசும் படியும் பிற கூடுதல் வருமானமும் சேராது. மிகைநேரத்துக்கு அந்த அடிப்படையில் குறைந்தது ஒன்றேகால் மடங்கு என்பதே அதன் வழிகாட்டி. இந்தியா அந்த உடன்படிக்கையை 2015இல் ஏற்றது. மாதம் ஒருமுறை கணக்குச் சீட்டு தர வேண்டும், அதில் சம்பளம், கூடுதல் தொகைகள், நாணய மாற்று விகிதம் எல்லாம் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நாம் கொடுக்கும் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை அந்தச் சீட்டைத் தானே வாசிக்க வேண்டும்.

பகிர்வையும் சொல்லிவிடுகிறேன். நாள் தொகை அறைப் பையன் ஒருவருக்கே போவதில்லை. உணவுக்கூடத்துக்கும், பயணி பார்த்தேயிராத சலவை, அடுக்களை ஆட்களுக்கும் சேர்த்துப் பொதுவில் போட்டுப் பிரிக்கிறார்கள். மதுக்கூடத்தாருக்குப் பெரும்பாலும் இதில் பங்கில்லை, அவர்களுக்குப் பில் சதவீதம். இது தெரியாத பயணி, வரவேற்பு மேசையில் சொல்லி நாள் தொகையை எடுத்துவிட்டு, ‘நேராகவே கொடுக்கிறேன்’ என்று அறைப் பையன் கையில் 50 டாலர் வைக்கிறார். சில கப்பல்களில் அந்தப் பையன் அதைப் பொதுவில் ஒப்படைத்தாக வேண்டும். துணி துவைத்தவருக்கோ ஒன்றுமே போகாது.

தொண்டியிலிருந்து:

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) எழுதியதைப் பார்த்தபின் பரிந்துரைகளில் பாதி தானாக விழுந்துவிடுகிறது.

இனாம் நிலமானியத்துக்கு வழங்கிய சொல். இன்று கடைக்காரர் சும்மா சேர்த்துத் தருவதைக் குறிக்கிறது. அன்பளிப்பு அலுவலகங்களில் லஞ்சத்துக்குப் போர்வையாகிவிட்டது. ஊக்கத்தொகை முதலாளியோ அரசோ தருவது. சேவைக் கட்டணம் என்றால் வங்கி பிடிப்பதும் இ-சேவை மையத்தில் கட்டுவதும்தான் நினைவுக்கு வரும், இரண்டிலும் வாங்கும் நிறுவனமே வைத்துக்கொள்கிறது.

கொடை, ஈகை என்ற வழியே வேண்டாம். ஈ, தா, கொடு மூன்றும் இரக்கும் சொற்கள் என்றும், இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான் என்றும் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்று உழைப்பவர் வருமானத்தை இரத்தலோடு சேர்த்துப் பேசும் எந்தச் சொல்லும் எனக்கு ஒப்பில்லை.

நம் கரையில் இதற்கு ஒரு சொல் புழங்குகிறது. விசைப்படகு கரை சேர்ந்ததும் மீனை விற்று, டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் பங்கு வைக்கிறார்கள். பாடு (பிடிபட்ட மீன்) நன்றாக இருந்தால் பங்கு கூடும், இல்லாவிட்டால் குறையும். டிரைவருக்குப் பங்கு கூடுதல். ‘பேட்டா’ வேறு, ‘பங்கு’ வேறு என்று மண்டபத்திலோ பாம்பனிலோ யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலின் நாள் தொகையும் பொதுவில் விழுந்து பிரிவதுதான், பயணிகள் குறைந்தால் குறைவதுதான். எனவே ‘பணிப்பங்கு’. தலைக்கு நாள்தோறும் ஏறுவது ‘நாள் பணிப்பங்கு’, பில்லின் மேல் ஏறுவது ‘பில் பணிப்பங்கு’. கையில் கொடுப்பதற்கு டிப்ஸ் என்பதே போதும், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ராமநாதபுரத்திலிருந்து:

பணிப்பங்கு நல்ல சொல். எதிர்ப்பில்லை, ஆனால் இரண்டு கவலைகள்.

ஒன்று, ‘ஊழியர் பங்களிப்பு’ என்று யாராவது நீட்டிவிடப் போகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஓட்டல்கள் தானாகச் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டி வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. வழக்கு நடந்தபோது, 2023 செப்டம்பரில், ஒரு கூட்டமைப்பின் உறுப்பினர்கள் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்பதை விட்டு ‘ஸ்டாஃப் கான்ட்ரிபியூஷன்’ என்று எழுத வேண்டும், பில்லில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அரசு விதிப்பது போல மக்கள் குழம்புகிறார்கள் என்பதே பெயர் மாற்றத்துக்குக் காரணம். பிறகு 2025 மார்ச் 28 தீர்ப்பில் வழிகாட்டி செல்லும் என்றாகிவிட்டது. அந்த இடைக்காலப் பெயரை அப்படியே தமிழாக்கினால் ‘ஊழியர் பங்களிப்பு’ வரும். வருங்கால வைப்புநிதிச் சீட்டில் அதே சொல் ஊழியர் சம்பளத்திலிருந்து பிடிக்கும் தொகையைக் குறிக்கிறது. வாங்குபவரைக் கொடுப்பவராக்கிவிடும். ‘ஊழியர் பங்கு’ என்றும் சுருக்க வேண்டாம், அது கம்பெனிப் பங்கு ஒதுக்கீடு போல இருக்கிறது. ‘பணி’ என்ற முன்சொல்லை விடாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது கவலை பெரிது. பணிப்பங்கு என்ற சொல்லில் பயணி மறுக்கலாமா கூடாதா என்பது தெரியவில்லை. மேலே சொன்ன ஆணையத்தின் வழிகாட்டி இந்திய ஓட்டல்களுக்கானது. பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்கும் கப்பலில் காட்டிப் பயனில்லை. அங்கே பயணச்சீட்டு நிபந்தனைதான் பேசும்.

மண்டபத்திலிருந்து:

அதைச் சொல்லுக்குள் திணிக்க வேண்டாம் ஐயா, பக்கத்தில் ஒரு குறிப்பாக வைக்கலாம். மூன்று நிலைதான் வருகிறது.

‘நீக்கத்தக்கது’: பல கம்பெனிகளில் பயணி கப்பலில் இருக்கும்போதே வரவேற்பு மேசையில் சொல்லிக் குறைக்கவோ எடுக்கவோ முடியும். கடைசி நாள் காலையில் வரிசை நீண்டுவிடும், அதற்குள் கணக்கும் மூடப்பட்டு அட்டையில் பணம் போய்விடும். எனவே முந்தின நாள் மாலைக்குள் போக வேண்டும். சேவையில் குறை என்றால் முதல் நாளே சொன்னால் சரிசெய்வார்கள். தொகையை நீக்கச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

‘நீக்க இயலாதது’: பில்லின் மேல் வரும் சதவீதம் நடைமுறையில் இந்த வகை. நாள் தொகையையும் சில கம்பெனிகள், சில நாட்டுச் சீட்டுகளில், கட்டாயமாக்கியிருக்கின்றன. முன்பதிவுக்குமுன் நிபந்தனைப் பக்கத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

‘உள்ளடங்கியது’: சீட்டு விலையிலேயே சேர்ந்தது. பிரிட்டனின் பி அண்ட் ஓ 2019இல் நாள் தொகையை எடுத்துவிட்டு இப்படி மாற்றியது. இங்கே தனியாக ஒன்றும் ஏறாது, எனவே பணிப்பங்கு என்ற வரியே பில்லில் வராது.

கீழக்கரையிலிருந்து:

மண்டபத்து லாத்தா (அக்கா) சொன்ன குறிப்பு சரி. நான் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். தானாக ஏறும் தொகை எல்லாமே ஊழியருக்குப் போகிறது என்று நாமாக எழுதக் கூடாது. நிபந்தனைப் பக்கத்தில் ‘ஊழியர்களுக்குப் பகிரப்படும்’ என்ற பொருளில் தெளிவாக இருந்தால்தான் ‘பணிப்பங்கு’. ஊழியர் நலத்திட்டத்துக்கு, ஊக்கத் திட்டத்துக்கு என்று பொதுவாக எழுதியிருந்தால், அல்லது ஒன்றுமே எழுதாவிட்டால், ‘சேவைக் கட்டணம்’ என்றே போடுவோம். தொண்டிக்காரர் அந்தச் சொல்லைத் தள்ளியதற்குச் சொன்ன காரணமே இங்கே அதை எடுக்கக் காரணம்: நிறுவனம் வாங்குகிறது, பிறகு என்ன செய்கிறது என்பது பயணிக்குத் தெரியாது. ஒரே கம்பெனியில் நாள் தொகை பணிப்பங்காகவும் ஸ்பா பில் சேவைக் கட்டணமாகவும் இருக்கலாம். பல கப்பல்களில் ஸ்பாவை நடத்துவதே வெளி நிறுவனம்.

ஒப்பந்தத்தில் வரும் நிரப்புத் தொகைக்கு ‘உறுதிப் பங்கு’ என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். வேண்டாம். பங்கு என்றாலே ஏறி இறங்குவது. அதற்குமுன் ‘உறுதி’ போட்டால் மாதாமாதம் வரும் என்று ஆகிவிடும். ‘குறைநிரப்பு’ என்று வைக்கலாம். குறைந்தால்தான் வரும், பங்கு நன்றாக வந்த மாதத்தில் பூஜ்யம்.

பாம்பனிலிருந்து:

இப்படி அச்சுக்குப் போகிறது. பணிப்பங்கு: பயணி கணக்கில் தானாக ஏறி, ஊழியர்களிடையே பிரிக்கப்படும் தொகை, நாள், பில் என இருவகை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மண்டபத்துக் குறிப்பு. சேவைக் கட்டணம்: ஊழியருக்குப் பகிர்வதாக உறுதி இல்லாதது. டிப்ஸ்: பயணி தானாகக் கையில் கொடுப்பது. குறைநிரப்பு: ஒப்பந்த உறுதிக்குக் குறையும்போது கம்பெனி போடுவது. பணிக்கொடை: இந்தியச் சட்டப்படி வேலையை விட்டு நிற்கும்போது வருவது மட்டும், கப்பல் பில்லுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு.

‘அடிஷனல் டிப்’ கோட்டுக்கு ‘கூடுதல் டிப்ஸ்’ போதும். படத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே அம்புக்குறி இட்டு, ‘பில் பணிப்பங்கு ஏற்கெனவே சேர்ந்துள்ளது, காலியாக விடலாம், ஆனால் மொத்தத்தை நீங்களே எழுதுங்கள்’ என்று வரும். மொத்தக் கோட்டைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

கையேட்டின் சுருக்க அட்டையில் ‘நாள் பணிப்பங்கு’ என்பதை நா.ப. என்று போடுவதா, முழுதாகவே போடுவதா என்பது மட்டும் பாக்கி. அட்டையின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.