லாரி லிஃப்ட்டுக்கு என்ன சொல்: தூக்கியா, உயர்த்தியா, ஏந்தியா?

பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். ஐடிஐ டீசல் மெக்கானிக் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். லாரி, பஸ் பட்டறைக்கு நீண்டநாள் உழைக்கும் லிஃப்ட்டை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் பாடம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சில சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, லிஃப்ட். மின்தூக்கி என்று போட்டால் பையன்கள் அடுக்குமாடியை நினைக்கிறார்கள். வண்டித்தூக்கி என்று போடலாமா? இரண்டாவது, சக்கரத்துக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துகிற தூண் வடிவ லிஃப்ட் (column lift). மூன்றாவது, திருகுத்தண்டில் பாரத்தைச் சுமந்து ஏறி இறங்கும் லோடு நட்டு, பாரமே இல்லாமல் கூடவே போகும் சேஃப்டி நட்டு.

தமிழாசிரியர், கோவை:
ஊர்தியுயர்த்தி. யோசிக்க என்ன இருக்கிறது? வண்டி என்பது பண்டியின் திரிபு. பண்டியின் மூலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சங்கப் பாட்டில் சாகாடு என்றே இருக்கிறது. துணிவிருந்தால் சாகாட்டுயர்த்தி என்றும் சொல்லலாம்.

டிப்போ பொறியாளர்:
ஐயா, அடியில் நிற்கிறவன் "இறக்கு, இறக்கு" என்று கத்துகிற இடத்தில் சாகாட்டுயர்த்தி என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி தரைக்கு வந்துவிடும். பட்டறையில் பாதிப் பேர் இதையும் ஜாக்கி என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று பாடத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 7.5 டன் தூண் நான்கு என்றால் 30 டன். மத்திய அரசின் 2018 உத்தரவுப்படி மூன்று அச்சு லாரிக்கு மொத்த எடை 28.5 டன் வரை உண்டு. போதும் என்று தோன்றும். ஆனால் அதில் பின்னால் இருக்கும் இரட்டை அச்சுக்கு மட்டும் 21 டன் வரலாம். பின்பக்கம் இரண்டு தூண்தான் என்றால் 15 டன். சரக்கோடு வந்த வண்டியைத் தூக்கினால் கதை முடிந்தது. ஆகவே மொத்தத் தாங்குதிறன் வேறு, தூண்வாரித் தாங்குதிறன் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

யாழ்ப்பாண அன்பர்:
நாங்கள் லொறியைப் பாரவூர்தி என்றும் கிரேனைப் பாரந்தூக்கி என்றும் எழுதிப் பழகியவர்கள். வண்டித்தூக்கி என்றால் விபத்தில் கவிழ்ந்த வண்டியைத் தூக்க வந்த கிரேன்தான் எங்கள் மனதில் வரும். உயர்த்தி நல்லது. தாங்கி என்று யாராவது தொடங்க முன்னமே சொல்லிவிடுகிறேன், எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டியும் தாங்கி, போர் டாங்கியும் தாங்கி.

டிப்போ பொறியாளர்:
இங்கே பேரிங்கும் தாங்கி. அது வேண்டவே வேண்டாம்.

சிவகங்கைக்காரர்:
ஏந்தி என்று வைத்தால் என்ன? குழந்தையை ஏந்துவது போல வண்டியை ஏந்தி நிற்கிறது. எங்கள் பக்கம் ஏந்தல் என்று முடியும் ஊர்கள் ஏராளம், எல்லாம் நீரை ஏந்திய கண்மாய்கள். உயரத்துக்கும் ஏந்தல், தலைவனுக்கும் ஏந்தல். உயர்த்துவதோடு வேலை முடிவதில்லையே, உயர்ந்த நிலையில் பிடித்து வைப்பதல்லவா முக்கியம்? இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நடுவார்கள். தலைச்சுமைக்காரர் துணையில்லாமலே பாரத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

தமிழாசிரியர், கோவை:
கல் உயர்த்தாது. ஏந்தி என்றால் 'கையில் விளக்கேந்தி' என்பதைப் போல வினையெச்சமாகப் படிக்க இடமுண்டு.

சிவகங்கைக்காரர்:
தூக்கி, உயர்த்தி இரண்டுக்கும் அதே இடர்தானே ஐயா!

பழைய மொழிபெயர்ப்பாளர்:
கருவி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வழி கிடைக்கலாம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர மெக்கானிக் பீட்டர் லுனாட்டி 1925-இல் நீரியல் (ஹைட்ராலிக்) லிஃப்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். முடிதிருத்தும் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பார்கள். நம் சலூன்களில் அந்த நாற்காலிக்கு என்ன சொல் என்று விசாரித்தேன். சேர் என்றார்கள். தேடல் அங்கேயே நின்றது.

நட்டுக்கு வருவோம். இங்கே புதிதாக ஆக்க வேண்டியதே இல்லை. திருகின் புரியை மெக்கானிக் மரை என்கிறார். மரை தேய்ந்துபோச்சு, மரை கழண்டுபோச்சு எல்லாம் நம் வழக்குத்தான். நட்டையும் மரை என்று எழுதியவர்கள் உண்டு. சுமைமரை, காப்புமரை என்றால் கேட்டவுடன் புரியும். சுமைமரை பெரும்பாலும் வெண்கலம். தண்டு தேயாமல் அது தேயும்படியான ஏற்பாடு. தேயத் தேயக் காப்புமரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். தயாரிப்பாளர் சொன்ன அளவோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பராமரிப்பு. 'நீண்டநாள் உழைக்கும்' என்ற பேச்சில் பாதி இதுதான் என்பேன்.

தமிழாசிரியர், கோவை:
மரை என்பது சங்க இலக்கியத்தில் மானினத்து விலங்கு. சுமைமரை என்றால் பொதி சுமக்கும் மான் என்று பொருள்படும்.

டிப்போ பொறியாளர்:
டிப்போவுக்குள் மான் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீரியல் வகையிலும் ஒரு சொல் விட்டுப்போயிற்று. எண்ணெய் அழுத்தத்தை நம்பி அடியில் போகக் கூடாது. தூக்கிய பிறகு சற்று இறக்கி, பல்லில் உட்கார வைக்க வேண்டும். அந்த மெக்கானிக்கல் லாக்கைப் பூட்டு என்றால் சாவியைத் தேடுவார்கள். 'பல்லில் உட்கார்ந்துவிட்டதா?' என்று கேட்டால் எவனுக்கும் புரியும்.

யாழ்ப்பாண அன்பர்:
பற்பிடி?

டிப்போ பொறியாளர்:
சரி, நல்லாயிருக்கிறது.

பயிற்சி ஆசிரியர்:
இன்று வியாழன் இரவு. இதுவரை வந்ததை எண்ணினால் வண்டித்தூக்கிக்கு நான்கு பேர், அதில் இருவர் தனிமடலில். உயர்த்திக்கு இரண்டு, ஏந்திக்கு ஒன்று. வண்டித்தூக்கி என்றே போடுகிறேன், முதல் பக்கத்தில் லிஃப்ட் என்றும் இருக்கும். தள்ளிக்கொண்டுபோகும் தூண் லிஃப்ட்டுக்கு நகர்தூண், பிறகு சுமைமரை, காப்புமரை, பற்பிடி, தூண்வாரித் தாங்குதிறன் எல்லாம் உள்ளே போய்விட்டன. யாழ்ப்பாண அன்பர் மன்னிக்க வேண்டும், கிரேன் எங்கள் பாடத்தில் வரவில்லை.

யாழ்ப்பாண அன்பர்:
மன்னிப்பு எதற்கு. ஆனால் அடுத்த பதிப்பில் கிரேன் வந்தால் என்ன செய்வீர்கள்?

தமிழாசிரியர், கோவை:
என் மறுப்பு பதிவாகட்டும். வண்டித்தூக்கியில் தகர ஒற்று மிகும்; அச்சில் விட்டுவிடாதீர்கள். பண்டி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.