சுண்டுவிரல் நுனியில் 1,100 சிப்பம்

மன்னார்குடி அத்தை, இரவு 7:42
பாப்பா, காந்த நட்சத்திரம் ஒன்று காலத்தையே வளைக்கிறதாம், வீடியோ வந்திருக்கிறது. காந்தம் இரும்பைத்தானே இழுக்கும்?

நான், 7:50
இரும்பை இழுப்பது வேறு, இது வேறு அத்தை. காந்தப்புலத்தில் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆற்றலுக்கும் நிறை உண்டு. நிறை இருந்தால் காலவெளி, அதாவது காலமும் இடமும் சேர்ந்தது, வளையும். 1915-இல் ஐன்ஸ்டைன் கண்டது அதைத்தான்.

நாகை சித்தப்பா, 7:53
எவ்வளவு நிறை? கணக்காகச் சொல்.

நான், 8:01
அந்த வகை விண்மீனுக்கு மாக்னட்டார் என்று பெயர். சூரியனைவிடக் கனம், குறுக்களவோ 20 கிலோமீட்டர்தான், நாகையிலிருந்து திருவாரூர் வரைகூட எட்டாது. காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ். பூமியின் காந்தப்புலம் அரை காஸ். அங்கே 10 கோடி கோடி காஸ் வரை இருக்கிறது. அவ்வளவு புலம் இருந்தால் ஒரு கன சென்டிமீட்டரில், நம் சுண்டுவிரல் நுனி அளவு இடத்தில், புலத்தின் நிறை மட்டுமே 44 டன்.

நாகை சித்தப்பா, 8:04
நெல் சிப்பம் 40 கிலோ. அப்படியென்றால் 1,100 சிப்பம்! இன்று எங்கள் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டதே 800தான்.

நான், 8:09
ஆனால் அதே அளவு நட்சத்திரப் பொருள் 40 கோடி டன் இருக்கும். புலத்தின் பங்கு கோடியில் ஒன்று. அங்கே ஒரு மணி நேரம் ஓடினால் இங்கே ஏறத்தாழ 75 நிமிடம் ஓடியிருக்கும். அந்த வித்தியாசம் பொருளின் ஈர்ப்பால் வருவது. வீடியோ காந்தத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டது.

மன்னார்குடி அத்தை, 8:12
2004 சுனாமிகூட அதனால்தான் வந்தது என்கிறார்களே?

நான், 8:20
இல்லவே இல்லை அத்தை. எஸ்ஜிஆர் 1806-20 என்ற மாக்னட்டார் வெடித்த ஒளி பூமிக்கு வந்தபோது, சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கம் நடந்து 44 மணி நேரம் ஆகியிருந்தது. காலவெளியின் அதிர்வும் ஒளியை முந்தி வராது. அப்போது பகலாயிருந்த பசிபிக் பக்கம்தான் வளிமண்டலத்தின் மேலடுக்கு கலங்கியது. இங்கே டிசம்பர் 28, அதிகாலை 3 மணி.

நாகை சித்தப்பா, 8:31
அந்த நேரம் அக்கரைப்பேட்டைக்காரர்களோடு பள்ளிக்கூடத்தில் விழித்திருந்தேன். யாரென்றே தெரியாத ஒரு சின்னப் பெண் என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். விடியும்வரை நான் அசையவில்லை. அக்கா, அந்த வீடியோவை யாருக்கும் அனுப்பாதே.

மன்னார்குடி அத்தை, 8:33
இரண்டு குழுவுக்கு அனுப்பிவிட்டேன் தம்பி. இப்போதே அழிக்கிறேன்.