சுத்திகரித்த கழிவுநீரில் நுண்பாசி: எண்ணெயா, எரிவாயுவா?

கேள்வி:
நுண்ணுயிரிகளைக் கொண்டு கரிமக் கழிவை நீக்கும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த நீரில் எஞ்சும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் குளோரெல்லா என்னும் பச்சை நுண்பாசியை வளர்த்து உறிஞ்சச் செய்து, அந்தப் பாசியிலிருந்து உயிரி டீசலும் எடுக்க இயலுமா? எங்கள் விடுதி வளாகத்தில் ஒரு சிறு தொட்டியில் முயன்று வருகிறோம்.

மறுமொழி 1:
உறிஞ்சச் செய்யலாம், டீசலில்தான் சிக்கல். பாசி எண்ணெயைச் சேமிப்பது பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறையில்தான். நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும் கழிவுநீரில் அது புரதத்தைப் பெருக்கிக்கொண்டு வேகமாக வளருமே தவிர, கொழுப்பை அதிகம் சேர்த்துவைக்காது. ஸ்பெயினின் சிக்லானா நகரில் 2011-இல் தொடங்கிய ஆல்-கேஸ் திட்டத்தில், பாசியைக் காற்றுப் புகாத செரிகலனில் நொதிக்கவைத்து வாகனங்களுக்கான மீத்தேனைத்தான் எடுத்தார்கள்.

மறுமொழி 2:
அறுவடையையும் கணக்கில் கொள்ளுங்கள். சுமார் 30 செ.மீ. ஆழமுள்ள, துடுப்புச் சக்கரம் சுழற்றும் திறந்தவெளிக் குட்டையில் லிட்டருக்கு அரை கிராம் பாசி கிடைப்பதே பெரிது, மற்றதெல்லாம் நீர். நான் வைத்திருந்த சோதனைத் தொட்டி, பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களான ரோட்டிஃபர்கள் புகுந்த நான்கே நாளில் வெளுத்துப் பழுப்பாகிவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றின் வயிறு மட்டும் பச்சையாக இருந்தது!

கேட்டவர்:
நன்றி ஐயா. நண்பகலில் எங்கள் தொட்டியின் பி.எச். 10-ஐத் தொடுகிறது. நீரிலுள்ள நைட்ரஜன் சேர்மமான அம்மோனியா குறைவது பாசியால்தானா?

மறுமொழி 2:
முழுவதும் அன்று. பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது, அந்நிலையில் அம்மோனியாவில் ஒரு பகுதி வாயுவாகக் காற்றில் கலந்துவிடும், பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து அடியில் படியும். கரியமில வாயுவைச் செலுத்தி, பி.எச்.-ஐ 8 அளவில் நிறுத்திவைத்து அம்மோனியாவை மீண்டும் அளந்து பாருங்கள்.