துருக்கிய மொழியில வேற்றுமை உருபு: உங்க அனுபவத்த சொல்லுங்க

இஸ்தான்புல்ல வேலை பாக்குறேன். வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒட்டு மேல ஒட்டு வரும், ரொம்ப கஷ்டம்னு சொன்னாங்க, ஆனா வீடு, வீட்ல, வீட்லேருந்துன்னு பேசி வளர்ந்த நமக்கு எவ், எவ்தெ, எவ்தென்லாம் ஒரு வாரத்துல பழகிடும். ரெண்டாம் வேற்றுமை கூட நம்மள மாதிரியேதான், சும்மா ரொட்டி வாங்கினேன்னா எக்மெக் அல்தும், ஏற்கெனவே பேசின அந்த ரொட்டியன்னா எக்மெயி அல்தும்.

உடைமை விகுதிதாங்க அசல் விஷயமே. நாம 'என்'னு சொல்லிட்டா போதும், வீடு வீடாவே இருக்கும், இவங்க பெனிம் எவிம்னு வீட்டுக்கும் ஒரு ஒட்டு போடுவாங்க. சாவி எங்க இருக்குன்னு கேட்டதுக்கு வீட்டு ஓனரம்மா "மாசானின் உஸ்துந்தெ"ன்னாங்க. பிரிச்சுப் பாருங்க, மாசா மேசை, னின் 'ஓட', உஸ்த் மேல்பக்கம், உ 'அதோட', அப்புறம் ஒரு ந், கடைசியில தெ 'ல'. அந்த ந் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, 'அவரோட, அதோட' விகுதிக்கும் வேற்றுமை உருபுக்கும் நடுவுல வந்து உக்காந்துக்கும், கலாத்தா குலெசின்னா கலாத்தா கோபுரம், அங்க இருக்கேன்னு சொல்லணும்னா குலெசிந்தெ. நம்ம மரத்துல-ல வர்ற அத்துச் சாரியை செய்யுற வேலைதான்.

---

அண்ணா, நான் தாஷ்கண்ட்ல படிக்கிறேன், இங்க பேசுற உஸ்பெக்கும் துருக்கிய மொழிக் குடும்பம்தான், ஆனா அதுல அந்த ந் வராது! உய் வீடு, உயி அவரோட வீடு, உயிதா அவரோட வீட்ல, அவ்ளோதான். துருக்கியில மாதிரி 'ல'வுக்கு தெ-வா தா-வான்னு முன்னாடி இருக்குற உயிர் எழுத்தப் பாத்து மாத்துற வேலையும் இல்ல, எல்லாத்துக்கும் தா. 'ஓட'ங்கறதுக்கு நிங், 'ஐ'க்கு நி, ஆனா வேகமா பேசுறப்ப நிங்கும் நி மாதிரிதான் காதுல விழும், அதனால அடுத்த வார்த்தைல உடைமை விகுதி இருக்கான்னு பாத்துதான் நான் கண்டுபிடிக்கிறேன்.

---

அங்காராலேருந்து நான். துருக்கியில 'எவினி'ன்னு யாராவது சொன்னா உன் வீட்டையா அவரு வீட்டையான்னு அந்த வார்த்தைய மட்டும் வெச்சு சொல்லவே முடியாது, செனின் ('உன்'), ஒனுன் ('அவரோட')னு முன்னாடி வந்தாதான் தெளிவு. புதுசா படிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு, 'எனக்கு கார் இருக்கு'ன்னு நாலாம் வேற்றுமையில யோசிக்காதீங்க, இங்க அராபம் வார், அதாவது 'என் கார் இருக்கு'. 'எனக்கு'ங்கற பனா அதுல வரவே வராது.