மதிய இடைவேளையில் குழுவோடு என்ன விளையாடலாம்?

கேள்வி:
எங்கள் குழுவில் ஒன்பது பேர். பாதிப் பேர் புதிதாகச் சேர்ந்தவர்கள், வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மேலாளர் மோனோபாலி (சொத்து வாங்கி வாடகை வசூலிக்கும் பலகை விளையாட்டு) வாங்கலாம் என்கிறார். எனக்கு என்னவோ அது சரிப்படும் என்று தோன்றவில்லை. இடைவேளையும் முக்கால் மணி நேரம்தான். ஒருவர் ரொம்பக் கூச்ச சுபாவம். இன்னொருவர் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் (மற்றபடி தங்கமானவர்). என்ன வாங்கலாம்?

பதில் 1:
மோனோபாலி வேண்டவே வேண்டாம். முதலில் திவாலானவர் கடைசிவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

கோட்நேம்ஸ் வாங்குங்கள், சொற்களை ஊகிக்கும் விளையாட்டு. மேசையில் 25 சொல் அட்டைகள், இரண்டு அணிகள். தன் அணிக்கான அட்டைகளுக்குக் குறிப்பு தருபவர் ஒரே ஒரு சொல்லும், எத்தனை அட்டை என்று ஓர் எண்ணும்தான் சொல்லலாம். எந்த அட்டை என்று அணியினர் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். வாயே திறக்காதவர்கூட அந்த வாக்குவாதத்தில் திறந்துவிடுவார். ஓர் ஆட்டம் ஏறத்தாழ 15 நிமிடம். மேலாளரை மட்டும் முதல் நாளே குறிப்பு தர விடாதீர்கள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதைத்தான் நாள் முழுக்கச் செய்கிறோமே!

பதில் 2:
கூச்சக்காரருக்கு ஜஸ்ட் ஒன் பொருந்தும். ஒருவர் ஒரு சொல்லை ஊகிக்க, மற்றவர்கள் குறிப்பு தரும் விளையாட்டு. குறிப்பை எழுதிக் காட்டினால் போதும். இருவர் ஒரே சொல்லை எழுதினால் இரண்டும் ரத்து. எல்லோரும் ஒரே அணி என்பதால் முகம் தூக்குபவருக்கும் வழியில்லை. 2019-இல் ஜெர்மனியின் ‘ஆண்டின் சிறந்த விளையாட்டு’ விருது பெற்றது. ஆனால் 7 பேர் வரைதான்.

கேட்டவர்:
அப்போ கோட்நேம்ஸ்தான். மேலாளரிடம் எப்படிச் சொல்வது என்றும் யாராவது சொல்லுங்களேன்.